எடுத்துக் குடிங்க என்று சொல்லலாமா?

செட்டிநாட்டு வீடுகளில் கோடையில் ஒரு சாந்திக்கோ (அறுபது, எண்பது கல்யாணம்) புதுமனைக்கோ நாள் குறித்துவிட்டால் இந்த வாக்குவாதம் தவறாமல் வரும். மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்திறங்கிய இளவட்டம், “வளவுல (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) ஒரு ஜூஸ் கவுண்டர் போட்டுடலாம், வேணுங்கிறவங்க வேணுங்கிறத எடுத்துக் குடிச்சுக்கட்டும்” என்று ஆரம்பிக்கும். முன்பக்கத்து உயர்ந்த திண்ணைக்கூடமான பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடமிருந்து பதில் உடனே வரும்: “வந்தவுகள எடுத்துக் குடிங்கன்னு சொல்றதுக்கு எதுக்குப்பா பத்திரிகை வச்சீக?” இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அப்படிப் போட்ட கவுண்டர்களை ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆச்சி கேட்டதில் பாதி நியாயம் இருப்பது தெரியும். ஈரத்தில் மிதக்கும் மேசை, வெதுவெதுப்பான சர்பத், குடித்த டம்ளரும் குடிக்காத டம்ளரும் கலந்து கிடக்க, எது எதுவென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும் பெரியவர் ஒருவர். அங்கே உபசாரமும் இல்லை, வசதியும் இல்லை.

மறுபக்கம், தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டுவதுதான் முறை என்பவர்களும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அடுப்படி வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில். ஆட்கள் முகப்பிலும் பட்டாலையிலும். ஒரு தட்டில் பன்னிரண்டு டம்ளர். ஒருவர் ஊற்றி, எடுத்துவந்து, ஒவ்வொருவரிடமும் நீட்டி, வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்ப ஐந்து நிமிடமாவது ஆகும். நூறு பேருக்கு ஒன்பது நடை, முக்கால் மணி நேரம். கடைசி ஆளுக்குத் தட்டு வரும்போது முதல் ஆளுக்கு மறுபடி தாகம் எடுத்திருக்கும். கார்த்திகையில் இது ஓடும். மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம் நடக்கும்போது ஓடாது. கேட்டு வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தொண்டை காய உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் உண்டு. அவர்களுக்காகத்தான் மேசை.

என் கட்சி இதுதான்: மேசை போடலாம், ஆள் இல்லாமல் போடக்கூடாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்காக வழிநெடுக வைக்கும் தண்ணீர்ப் பந்தலில்கூட, செம்பில் மொண்டு ஊற்ற ஒருவர் நிற்கிறார். மேசை ஐந்து ஆள் வேலையை ஒரு ஆள் வேலையாக்கும். அந்த ஒரு ஆளையும் மிச்சம்பிடிக்கப் பார்த்தால்தான் ஆச்சியின் பேச்சு பலிக்கும். அவருக்கு வேலை மூன்று. மேசையைத் துடைப்பது, தீரப்போகும் டிரம்மை மாற்றுவது, எழுந்து வரமாட்டாத பெரியவர்களுக்குத் தட்டில் கொண்டுபோவது. எழுபது வயது ஆச்சி பட்டாலையிலிருந்து இறங்கி வந்து குழாயைத் திறந்து பிடித்துக் குடிப்பார் என்று எதிர்பார்ப்பது அறியாமை. சம்பந்தி வீட்டாருக்கும் அப்படியே. “அங்கே இருக்கு, எடுத்துக்கங்க” என்று கை காட்டினால் அது அடுத்த தலைமுறை வரை பேசப்படும்.

வெயில் எந்தப் பக்கம் ஏறும்

மேசை எங்கே என்ற கேள்விக்குப் பலரும் ‘முகப்பில்’ என்பார்கள். முகப்பு சரிப்படாது. அங்கே ‘வாங்க’ சொல்லி வரவேற்கும் கூட்டம், சந்தனம், கல்கண்டு, செருப்புக் கழற்றுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே நெரிசல். குடிக்க நிற்கிறவர்களும் சேர்ந்தால் வாசல் அடைந்துவிடும். வளவுதான் இடம், முற்றத்தை ஒட்டிய நடை. கொட்டுகிற தண்ணீர் முற்றத்துக்குள் வழிந்து கல்தொட்டி வழியே போய்விடும். ஐஸ் உருகுகிற தண்ணீரையும் ஒரு ரப்பர் குழாய் வைத்து அங்கேயே இறக்கிவிடலாம்.

முற்றத்தின் நான்கு பக்கத்தில் எது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பிறகு ஆவணி முதல் வாரம் தாண்டும் வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழும். மார்கழியில் நிழலாக இருந்த தென்பக்க நடையில்தான் வைகாசியில் வெயில் ஏறும். வைகாசி முதல் வாரத்தில் சாய்வு 9 டிகிரி அளவுதான் என்றாலும், பத்தடி உயரச் சார்ப்பு என்றால் ஒன்றரை அடி தூரம் உள்ளே வரும், மேசையின் பாதியை நனைக்க அது போதும். காலையில் மேற்கு நடையிலும் பிற்பகலில் கிழக்கு நடையிலும் வெயில் விழும். ஆக, கோடை விசேஷத்துக்கு வடபக்க நடைதான் நாள் முழுக்கப் பத்திரம். பொங்கலுக்குப் போட்ட இடத்திலேயே வைகாசியிலும் போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

தரை ஆத்தங்குடிக் கல். அழகுக்கு ஈடில்லை, ஆனால் அது சிமெண்டுக் கல், புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு கொட்டி அரைமணி கிடந்தால் அந்த இடத்தில் மெருகு போய் வெளிறிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது. ரோஸ் சிரப்பின் சிவப்பும் இறங்கிவிடும். ஈரமானால் வழுக்கும் என்பது தனி. தார்ப்பாய் விரித்தால் தண்ணீர் மேலேயே நின்று இன்னும் வழுக்கும். கோணிச் சாக்கை இரண்டாக மடித்து மேசைக்கு முன்னும் கீழும் போட்டு, நனைந்ததும் மாற்ற நாலு சாக்கு கைவசம் வைத்திருப்பதே சரி. மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி மெருகேற்றிய சுவரில் இனிப்புத் தண்ணீர் தெறித்தால் துடைக்கத் துடைக்கப் பூச்சு மங்கும். இரண்டரை அடி தள்ளிப் போட்டால் இரு பக்கமும் ஆட்கள் நிற்கலாம், ஒரே மேசை இரண்டு மேசைக்குச் சமம். தேக்குத் தூணில் ஆணி, டேப் எதுவும் வேண்டாம் என்பதை வீட்டுக்காரர் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

வாடகைக் கடையில் வரும் ஆறடி மடக்கு மேசை நடுவில்தான் வளையும். இருபது லிட்டர் டிரம் மூன்று, ஐஸ், டம்ளர் எல்லாம் சேர்த்தால் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. கனத்தைக் கால்கள் இருக்கும் இரு ஓரத்திலும் வைத்து நடுவில் டம்ளரை வைக்க வேண்டும். டிரம்மின் குழாய் மேசை விளிம்புக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் அரையடி உயரத்துக்கு மணையோ செங்கல்லோ கொடுத்துத் தூக்க வேண்டும். டம்ளர் குழாய்க்கடியில் நேராக நிற்காமல் சாய்த்துப் பிடிக்கும்படி ஆனால், ஒவ்வொருவரும் ஒரு மடக்கு தரையில் விடுவார்கள். குழந்தைகளுக்கு மேசை எட்டாது. எட்டிப் பிடித்து இழுப்பார்கள். ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு அதில் ஐந்து லிட்டர் டிரம் ஒன்று தனியாக வைத்துவிட்டால் பெரிய டிரம் பிழைக்கும். வெல்லம் இருக்கும் இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது. மேசைக்கால் நாலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது நம் அடுப்படி அலமாரிக்குச் செய்ததுதான்.

எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது

நூறு பேர், காலை ஒன்பதரை முதல் பந்தி உட்காரும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தலைக்கு 150 மில்லி டம்ளரில் மூன்று என்று 45 லிட்டர் பானம், கூடவே 40 லிட்டர் குடிதண்ணீர். 45 லிட்டரில் மோர் 20 முதல் 22, பானகம் 10, நன்னாரி எலுமிச்சை 12. இதற்கு மேல் வகை சேர்த்தால் ஆட்கள் மேசைமுன் யோசித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வரிசை நீளும். ஆறு வகை வைத்த கவுண்டரில் இரண்டு தீர்ந்து நாலு மிஞ்சுவதுதான் வழக்கம்.

மோருக்கு ஐந்து லிட்டர் தயிர். தண்ணீர் விடாமல் முதலில் தயிரைத் தனியாகக் கடைந்துகொள்ள வேண்டும். தயிரும் தண்ணீருமாகச் சேர்த்துக் கடைந்தால் திப்பி உடையாது. ரொம்பக் கடைந்தாலோ வெண்ணெய் திரண்டு மிதக்கும், டம்ளரின் விளிம்பில் ஒட்டும். பிறகு 15 முதல் 17 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் நூறு கிராமுக்குச் சற்று மேல் உப்பு. இஞ்சி நூறு கிராம், பச்சைமிளகாய் பன்னிரண்டு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு கட்டு, பெருங்காயம் ஒரு தேக்கரண்டி. இவற்றை நைய அரைக்காமல் இடித்து, மெல்லிய துணியில் கட்டி மோரில் அரைமணி ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். கடுகு தாளிக்க வேண்டாம். பந்தியில் இலைக்கு வரும் மோருக்கு அது சரி, நின்றுகொண்டு குடிப்பவருக்குப் பல்லில் மாட்டும். இன்னொன்று, மோரைக் குழாய் டிரம்மில் ஊற்றவே கூடாது. கால் மணி நேரத்தில் கெட்டி அடியில் இறங்கி மேலே தெளிநீர் நிற்கும். குழாய் அடியில் இருப்பதால் முதலில் வருகிறவருக்குக் கெட்டி மோர், கடைசியில் வருகிறவருக்கு உப்புத் தண்ணீர். அகன்ற வாய்ப் பாத்திரம், மூடி, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. மொள்ளும் ஒவ்வொரு முறையும் அதுவே கலக்கிக்கொள்ளும். இரத்த அழுத்தக்காரர்களுக்கென்று உப்புப் போடாத மோர் இரண்டு லிட்டர் தனி ஜக்கில்.

பானகம் பத்து லிட்டருக்கு வெல்லம் ஒன்றரைக் கிலோ. கொதிக்கவிட வேண்டியதில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும்; அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டாமல் யாரும் இனிக் குடிக்கமாட்டார்கள். எலுமிச்சம்பழம் எட்டு, சுக்கு 20 கிராம், ஏலம் 5 கிராம், மிளகு 5 கிராம், பச்சைக்கற்பூரம் இரண்டு அரிசி அளவு. கற்பூரம் கூடினால் மருந்து வாடை வந்துவிடும், குறைக்க வழியில்லை. மதியம் தாண்டிய பானகத்தில் நுரை கட்டினால் புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிட வேண்டியதுதான்.

நன்னாரி எலுமிச்சை பன்னிரண்டு லிட்டருக்கு நன்னாரிச் சிரப் 1.8 லிட்டர், பழம் இருபத்தைந்து, இரண்டு சிட்டிகை உப்பு. பழத்தைத் தோல் நசுங்கப் பிழிந்தாலும் விதை நசுங்கினாலும் கசப்பு இறங்கும். பிழிந்த கையோடு வடிகட்டிவிட வேண்டும். இதிலும் குழாய்தான் வில்லன். சிரப் தண்ணீரைவிடக் கனம். டிரம்மில் தண்ணீரை நிரப்பி மேலே சிரப்பை ஊற்றினால் அது நேரே அடிக்குப் போய்க் குழாய் வாயில் உட்கார்ந்துகொள்ளும். முதல் பத்துப் பேர் தித்திப்பு தாங்காமல் முகம் சுளிப்பார்கள், மற்றவர்கள் வெறும் புளிப்பைக் குடிப்பார்கள். வேறு அண்டாவில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சிரப்பைக் கரைத்து, மீதித் தண்ணீரும் சாறும் சேர்த்துக் கலக்கி, பிறகுதான் டிரம்முக்கு மாற்ற வேண்டும். புதினா இலை, சப்ஜா விதை, எலுமிச்சை வில்லை எதுவும் டிரம்முக்குள் போகக்கூடாது. படத்துக்கு அழகு, குழாய்க்குக் கேடு. ஊறிய சப்ஜாவைக் கிண்ணத்தில் கரண்டியோடு பக்கத்தில் வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்வார். டிரம்மின் மூடி காற்றுப் புகாமல் இறுகியிருந்தால் குழாய் கொஞ்சம் ஒழுகி நின்றுவிடும். குழாய் கெட்டுவிட்டது என்று ஆட்டிப் பிடுங்குவதற்கு முன் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம்.

பால் சேர்ந்த எதையும் இந்த மேசையில் வைக்கக்கூடாது என்பதில் நான் கறார். ரோஸ்மில்க் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். 38 டிகிரி வெயிலில் இரண்டு மணி நேரம் திறந்து மூடிக்கொண்டிருக்கும் பால் எப்போது திரிந்தது என்பது குடித்தவர் வயிற்றுக்குத்தான் முதலில் தெரியும். ஜிகர்தண்டாவை மதுரைக்கே விட்டுவிடலாம். தர்பூசணிச் சாறு இருபது நிமிடத்தில் சக்கை வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும், அதைத் துண்டாக நறுக்கி வைப்பது மேல். இளநீருக்கு வெட்ட ஆள் வேண்டும். அவர் வாசலுக்கு வெளியே நிழலில் இருக்கட்டும். பன்னீர் சோடாவும் போவண்டோவும் வைப்பதானால் சின்ன பாட்டில்தான். இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து நாலு பேர் ஊற்றியதும் காஸ் போய்ச் சீந்துவாரற்றுக் கிடக்கும். ஓப்பனரைக் கயிற்றில் கட்டி மேசைக்காலில் முடிந்துவிடவும். கட்டாத ஓப்பனர் பத்து நிமிடம் தங்காது.

கிலோக் கணக்கில் குளிர்ச்சி

பெட்டகச் சாலையைத் திறந்தால் பித்தளை அண்டாவும் தவலையும் கண்ணைப் பறிக்கும். அதிலேயே சர்பத் கலக்கினால் எப்படியிருக்கும் என்று ஆசை வருவது இயல்பு. வெள்ளீயம் பூசாத பித்தளையில் மோரோ எலுமிச்சையோ ஊற்றினால் செம்பு கரைந்து இறங்கும். குமட்டல், வாந்தியில் கொண்டுவிடும். பர்மாவிலிருந்து வந்த பழைய பீங்கான் ஜாடியின் மெருகில் காரீயம் இருக்கக்கூடும், புளிப்புக்கு அதுவும் ஆகாது. எனாமல் பாத்திரம் சில்லு பெயராமல் இருந்தால் காட்சிக்கு வைக்கலாம். அண்டாவுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அதற்குள் ஐஸும் தண்ணீரும் போட்டு, நடுவே மோர் இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். வெளியே பித்தளை மினுக்கும், மோர் எவர்சில்வரில் பத்திரமாக இருக்கும், ஆச்சிக்கும் திருப்தி.

ஐஸ் எவ்வளவு என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுக்கும், உருகிய தண்ணீர் 10 டிகிரிக்கு வர இன்னொரு 10. மொத்தம் 90. மே மாதத்தில் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் 33 டிகிரி. ஒரு லிட்டரை 10 டிகிரிக்குக் கொண்டுவர 23 கிலோ கலோரி, அதாவது கால் கிலோ ஐஸ். நாற்பத்தைந்து லிட்டருக்குப் பதினொன்றரைக் கிலோ, வெளிக்காற்றில் கரைவதையும் சேர்த்தால் 17 கிலோ. இதையே நேராகப் பானத்துக்குள் போட்டால் 45 லிட்டர் 56 லிட்டராகி, போட்ட உப்பும் இனிப்பும் ஐந்தில் ஒரு பங்கு நீர்த்துவிடும். “காலையில நல்லா இருந்துச்சு, இப்ப சப்புன்னு இருக்கே” என்பதன் காரணம் இதுதான். முதல் நாளே தண்ணீரை ஃப்ரிட்ஜில் 15 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டால் லிட்டருக்கு 55 கிராம் போதும், ஐந்தில் ஒரு பங்கு. அத்தனை கேன் ஃப்ரிட்ஜில் ஏறாது என்றால், ஒரு லிட்டர் பாட்டில்களில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் நிரப்பி முந்தின நாள் காலையிலேயே ஃப்ரீசரில் வைக்கலாம். ஐஸானால் ஒன்பது சதவீதம் பெருக்கும், முழுக்க நிரப்பினால் வெடிக்கும். வெளிப்பக்கம் கழுவிய பாட்டிலைப் பானத்துக்குள் மிதக்கவிட்டால் குளிரும், நீர்க்காது.

ஐஸ் கம்பெனிப் பாளம் மீனுக்கும் போவதுதான். அது வெளித்தொட்டிக்கு மட்டும். உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 ஜூனிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. நிறம் இல்லாமல் வந்தாலும் அதைக் குடிக்கும் ஐஸாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வெளித்தொட்டியில் ஐஸ் மட்டும் போட்டால் பாத்திரத்தை அங்கங்கே தொட்டுக்கொண்டு நிற்கும், குளிர் ஏறாது. பாதி தண்ணீரும் இருந்தால்தான் சுற்றிலும் பிடிக்கும். அப்படியும் இருபது லிட்டர் குளிர ஒரு மணிக்கு மேல் ஆகும். பத்து மணிக்கு ஆள் வருமென்றால் எட்டரைக்கே இறக்கிவிட வேண்டும்.

குடிதண்ணீருக்கு மண்பானையை மிஞ்ச எதுவும் இல்லை. புதுப்பானை என்றால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் மண்வாடை போகும். ஈர மணல்மேல் உட்கார்த்தி, காற்றோட்டமான நிழலில், முந்தின இரவே நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு கொத்து வெட்டிவேர். விசேஷத்தன்று காலை ஒன்பது மணிக்கு நிரப்பிய பானை பத்து மணிக்குப் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு மணி

மேசை நிற்பதும் விழுவதும் ஒரு கால் மணி நேரத்தில் தீர்மானமாகும். காலையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்து குடித்துப் போவார்கள், எல்லாம் சீராக ஓடும், போட்டவர்களுக்குத் தெம்பு வரும். பன்னிரண்டு மணிக்குக் கோயிலுக்குப் போன கூட்டம் திரும்பும். வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து, பத்து நிமிடத்துக்குள் அறுபது பேர் வளவுக்குள் நுழைவார்கள். ஒருவர் டம்ளர் எடுத்து, குழாயில் பிடித்து, நகர பன்னிரண்டு நொடி. ஒரு குழாய் நிமிடத்துக்கு ஐந்து பேரைத் தாங்கும், வருவதோ ஆறு பேர். ஒற்றைக் குழாய் என்றால் அப்போதே வரிசை நெருங்கிவிடும். இரண்டு குழாயும் ஒரு மோர்ப் பாத்திரமும் இரு பக்க வழியும் இருந்தால் தாங்கும். இது வரைக்கும் எல்லோரும் யோசிப்பார்கள்.

முதலில் தீர்வது பானமல்ல, டம்ளர். தட்டில் நீட்டும்போது வெறும் டம்ளர் அதே தட்டில் திரும்பிவிடும். மேசையில் அப்படி இல்லை. குடித்தவர் வைக்க இடம் தேடி, எங்கே எடுத்தாரோ அங்கேயே வைப்பார். கவிழ்த்து அடுக்கிய வரிசைக்குப் பக்கத்தில் நிமிர்ந்த எச்சில் டம்ளர் ஒன்று வந்து உட்காரும். அடுத்தவர் அதைப் பார்த்து அங்கேயே வைப்பார். ஐந்து நிமிடத்தில் எது கழுவியது எது குடித்தது என்று தெரியாது. சந்தேகம் வந்தபின் வரிசையில் இருக்கும் நல்ல டம்ளரையும் ஒருவர் தொடமாட்டார். டிரம்மில் இருபது லிட்டர் ததும்ப, தாகத்தோடு கூட்டம் நிற்க, யாரோ ஒருவர் அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார். ஆச்சி சொன்னது அந்த நிமிடத்தில்தான் நிஜமாகும்.

மருந்து சின்னதுதான். சுத்தமான டம்ளர் மேசையில் இருக்க, குடித்த டம்ளருக்கான இடம் மேசையைவிட்டு எட்டு பத்து அடி தள்ளி, ஆட்கள் நகர்ந்து போகும் திசையில், இடுப்பு உயரத்தில். தரையில் வைத்த வாளிக்குள் யாரும் குனிந்து போடமாட்டார்கள். அங்கே ஒரு வாளி மிச்சத்தைக் கொட்ட, ஒரு அகன்ற டப் டம்ளரைப் போட. டப்பில் நாலு டம்ளரை முதலிலேயே போட்டுவைக்க வேண்டும். எழுதி ஒட்டுவதைவிட அது நன்றாகப் புரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் புது டம்ளர்தான் எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் நூறு பேருக்கு 300 தேவை. வாடகைக்கு 150 எடுத்து, இரண்டாம் கட்டில் ஒருவர் தொடர்ந்து கழுவினால் போதும். அலசல் தண்ணீர், சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று மூன்று டப். கழுவியதைக் கம்பிக் கூடையில் கவிழ்த்து வடியவிட வேண்டும். ஈரத்துணிமேல் கவிழ்த்தால் அரைமணியில் துணி நாற்றம் டம்ளருக்கு வந்துவிடும்.

டம்ளர் 150 மில்லிக்கு மேல் வேண்டாம். பெரிய டம்ளரை முழுக்கப் பிடித்துப் பாதியை வைத்துவிட்டுப் போவது மனித சுபாவம். விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளர்தான் சரி, காரணம் நம்மூரில் பாதிப்பேர் அண்ணாந்துதான் குடிப்பார்கள். டம்ளருக்குள் ஐஸ் துண்டு போட்டுக் கொடுப்பது இதனால்தான் இங்கே எடுபடவில்லை. அண்ணாந்து ஊற்றும்போது முதலில் ஐஸ் அணைகட்டி நிற்கும், பிறகு அது சரிந்து பானம் மொத்தமாக மூக்கிலும் பட்டுச் சட்டையிலும் கொட்டும். பானமே குளிர்ந்திருக்க வேண்டும், டம்ளரில் ஐஸ் கூடாது. பேப்பர் கப் வாங்கிவிடலாம் என்பவர்களுக்கு: பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பேப்பர் கப்பில் அண்ணாந்து குடித்துப் பார்த்தால் தடை இல்லாவிட்டாலும் வாங்கமாட்டீர்கள்.

டிரம் தீரும்போது மேசையில் வைத்தே அதற்குள் ஊற்றி நிரப்பக்கூடாது. அடியில் இருக்கும் வெதுவெதுப்பான மிச்சத்தோடு புதுசும் கெடும், சிந்தும், வரிசையும் நிற்கும். நிரப்பிய இன்னொரு டிரம் உள்ளே குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆளைவிட்டு மாற்றிவைக்கும் வேலை ஒரு நிமிடம். குழாய்க்குக் கீழே ஒரு லிட்டருக்கு மேல் எப்போதும் தங்கும், அதைக் கணக்கில் கழித்துவிட வேண்டும். பெயர்ச்சீட்டை மேசையில் வைத்தால் நனைந்து சுருளும், பாத்திரத்தின் கழுத்தில் நூலால் கட்டவும். ‘பச்சைமிளகாய் உண்டு’, ‘சர்க்கரை இல்லை’, ‘உப்புப் போடாதது’ என்ற மூன்றும் அவசியம். கேட்காமலே தெரிந்துகொள்ள முடிவதுதான் சர்க்கரைக்காரர்களுக்கு மேசையில் கிடைக்கும் பெரிய நிம்மதி. தட்டு நீட்டும்போது நடப்பதுபோல, ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி, ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பத்துப் பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

பந்தி தொடங்கியதும் மேசையைப் பாதியாக்கிவிடலாம். பானகத்தையும் நன்னாரியையும் எடுத்துவிட்டுத் தண்ணீரும் பன்னீர் சோடாவும் வைத்தால் போதும். இலையில் உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் ஊற்றுவது பந்தி பரிமாறுகிறவர் வேலை. மேசை அங்கே தலைநீட்டக் கூடாது. நாலு மணிக்குச் சிலர், “அதான் கவுண்டர் இருக்கே, காபியையும் பிளாஸ்க்ல ஊத்தி வச்சுருவோம்” என்பார்கள். வேண்டாம். குழாய் வைத்த காபி டிரம்மில் ஆடை கட்டிக் குழாயை அடைக்கும், அரைமணியில் காபிக்குக் காய்ந்த வாடை வந்துவிடும், ஒருவருக்குச் சர்க்கரை பாதி, ஒருவருக்கு இல்லாமல், ஒருவருக்குக் கள்ளிச்சொட்டாக வேண்டும். தூங்கி எழுந்து, முகம் கழுவி, பட்டாலையில் சாய்ந்திருப்பவருக்குக் காபி தட்டில்தான் வர வேண்டும், அதுவும் “ஆச்சி, சீனி போடாதது இது” என்று சொல்லி நீட்ட ஒரு ஆளோடு.